மாதத்துக்கு ஒரு பாட்டில் கடல்

எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் கடல்நீரையும் அதில் வாழும் மிதவை உயிரிகளையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்து, சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் பல ஆண்டுகள் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்தவர் என்று அறிமுகக் குறிப்பு சொல்கிறது. அறிக்கை தயாரித்த பழக்கம் கட்டுரையின் வரிக்கு வரி தெரிகிறது. கடலைத் தெரிந்துகொள்ளும் விருப்பம் ஓர் இடத்திலும் தெரியவில்லை.

அவர் சொல்வது இது. மாதம் ஒரு முறை படகில் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தாலே போதும், ஆண்டுக்குப் பன்னிரண்டு அளவுகள் ஒரு கடற்கரையை அறிய ஏராளம். மணிக்கு மணி அளந்தால் கிடைப்பது குழப்பம்தான். மேலே செயற்கைக்கோள் இருக்கிறது, கீழே ஆலைகளின் குழாயில் ஆன்லைன் மீட்டர் இருக்கிறது, நடுவில் மீனவர்கள் இருக்கிறார்கள். இத்தனைக்கும் மேல் கோடிகளைக் கடலில் கொட்டுவது வெளிநாட்டு மோகம். இவ்வளவும் சொல்லிவிட்டு, வேப்பம்பட்டிலும் திருநின்றவூரிலும் மனை வாங்கி வீடு கட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடலைப் பற்றி என்ன அக்கறை என்றும் கேட்கிறார்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் வேப்பம்பட்டில் வசிப்பவன். எங்களுக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு, தெற்கே கூவம். பூண்டியில் திறந்துவிடும் வெள்ளம் தாமரைப்பாக்கம் அணைக்கட்டையும் வல்லூர் அணைக்கட்டையும் கடந்து எண்ணூரில் கடலில் சேர்கிறது. வழியில் வயல்களின் உர மிச்சத்தையும் புதுப்புது நகர்களின் சாக்கடையையும் வாரிக்கொண்டுதான் போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு எல்லையே கடல்தான். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் குடியிருப்பவனுக்குக் கிழக்குப் பகுதியைப் பற்றிப் பேச உரிமையில்லை என்றால், மேற்கிலிருந்து போகும் கழிவை மட்டும் கிழக்கு ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? இதற்கு அவர் பதில் சொல்லட்டும்.

இனி அவருடைய வாதத்துக்கு வருவோம். அவர் எழுதியது அனைத்தும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கடல் மெதுவாக மாறும், ஆகவே இடைவெளி விட்டுப் பார்த்தாலும் நடந்தது தெரிந்துவிடும் என்பதே அந்த நம்பிக்கை. இதற்கு ஓர் ஆதாரமும் அவர் தரவில்லை, தரவும் முடியாது. மிதவைத் தாவரங்களில் வேகமாகப் பெருகும் டயட்டம்கள் நல்ல வெளிச்சமும் உரச்சத்தும் கிடைத்தால் ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும். லிட்டருக்கு ஆயிரம் செல் என்று தொடங்கினால் பத்தாவது நாள் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். உரச்சத்து தீர்ந்ததும் அதே வேகத்தில் செத்து அடியில் படியும். அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சும். எழுவதும் விழுவதும் அழுகுவதும் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் நீடிக்கும் பெருக்கத்தை மாதம் ஒரு முறை போகிறவர் பார்க்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால் பதின்மூன்றில் ஒன்று. பார்க்காமல் விட்டதெல்லாம் அவருடைய அட்டவணையில் ‘இயல்பு நிலை’ என்று பதிவாகிவிடுகிறது. மாதா மாதம் 15-ஆம் தேதி மட்டும் மழைமானியைப் பார்க்கிற ஒருவர் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையைப் பார்த்திருக்கவே மாட்டார். அவர் கையிலுள்ள ஏட்டின்படி அந்த மாதம் சென்னையில் வெள்ளம் வரவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அறிக்கை எழுதியே பழகியவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் ஓதம் ஒருமுறை ஏறி வற்றி மறுபடி ஏறச் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஏறும்போது முகத்துவாரத்தில் எடுக்கும் தண்ணீர் வங்கக் கடலின் தண்ணீர். வற்றும்போது அதே இடத்தில் எடுக்கும் தண்ணீர், பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையும் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர். மணலியின் எண்ணெய்ப் பசை, அனல்மின் நிலையங்களின் சுடுநீர், சாம்பல், ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில் இருக்கும். ஒரே இடம், ஒரே நாள், ஆறு மணி நேர வித்தியாசம்தான். எந்த நேரத்தில் பாட்டிலை முக்குகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

மாதம் ஒரு முறை என்ற கணக்கு இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தொன்பதரை நாள். மாதத்துக்கு ஒரு தடவை, முப்பது நாள் இடைவெளியில் படகேறுகிறவர் அடுத்தடுத்த மாதங்களில் ஏறக்குறைய ஒரே நிலவு நிலையைத்தான் பிடிக்கிறார். ஓர் இடத்தில் ஒரே நிலவு நிலையில் ஓதம் உச்சத்துக்கு வரும் கடிகார நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வழக்கம்போலக் காலை பத்து மணிக்குப் போகிறவர் தொடர்ந்து மூன்று மாதம் ஓதத்தின் ஒரே கட்டத்தில் நின்று தண்ணீர் அள்ளுகிறார். முதல் மாதம் அது ஏறும் ஓதமாக அமைந்துவிட்டால் மூன்று பாட்டிலிலும் சுத்தமான கடல்தான் இருக்கும். மூன்று முறை அளந்தும் ஒரே முடிவு வந்தது, ஆகவே நீர் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். உண்மையில் அளந்தது ஒரே ஒரு முறைதான், அதையே மூன்று தடவை எழுதியிருக்கிறார்கள்.

மூன்று மாதம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ்த் தயாராகும் அறிக்கைகளில் அடிப்படை நிலைத் தரவு வழக்கமாக ஒரு பருவத்துக்கானது, அதுவும் மழைக்காலம் நீங்கலாக. தென்மேற்குப் பருவமழையை மனத்தில் வைத்து எழுதிய இந்த விதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் கடற்கரைக்கு என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் ஆறுகள் கடலை எட்டுகின்றன. அடைபட்ட முகத்துவாரங்கள் திறப்பதும் நிலத்தின் உரச்சத்தும் கழிவும் கடலுக்குள் பாய்வதும் அப்போதுதான். ஆண்டின் மிக முக்கியமான மூன்று மாதத்தை விட்டுவிட்டு, மீதியில் ஒரு மூன்று மாதத்தை எடுத்து, அதிலும் ஓதத்தின் ஒரே கட்டத்தில் அள்ளிய தண்ணீருக்குப் பெயர் அடிப்படை நிலை. கட்டுரையாளர் கட்டிக்காக்க நினைப்பது இந்த முறையைத்தான்.

பழவேற்காட்டு இறாலைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் வாதம் அங்கேயே உடைந்திருக்கும். வெள்ளை இறாலின் தாய் கடலில் முட்டையிடுகிறது. ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். நாப்ளியஸ் பருவம் இரண்டு நாள், அடுத்த சோயியா பருவம் நாலைந்து நாள், அதற்கடுத்த மைசிஸ் மூன்று நாலு நாள். இரண்டு வாரம் ஆவதற்குள் பொரிப்பகக்காரர்கள் பி.எல். என்று சொல்லும் குஞ்சாகிவிடுகிறது. அதுவரை அது மிதவை உயிரி, நீரோட்டம் இழுத்துப்போகிற இடத்துக்குப் போகும், எதிர்த்து நீந்த வலுவில்லை. அந்த நாட்களில் அது தின்பதும் மிதவைத் தாவரத்தையும் அதைவிடச் சிறிய மிதவை விலங்குகளையும்தான். பிறகு ஏறும் ஓதத்தில், பெரும்பாலும் இரவில், முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகிறது. பழவேற்காட்டு மீனவர்கள் தலைமுறைகளாகப் பாடு முறை வைத்து, முறைப்படி இடம் பிரித்து வலை கட்டிப் பிடிக்கும் இறால் இது. எண்ணூர்க் கழியில் இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவிப் பிடிப்பதும் இப்படி உள்ளே வந்து வளர்ந்த இறாலைத்தான்.

இந்த இறாலின் குழந்தைப் பருவம் முழுவதும் கட்டுரையாளரின் இரண்டு படகுப் பயணங்களுக்கு நடுவே முடிந்துவிடுகிறது. அது முகத்துவாரம் நுழைவது இரவில், அவர் படகேறுவது காலையில். மீன்வளம் குறைந்ததற்கு ஆதாரம் எங்கே என்று பிறகு மீனவர்களைக் கேட்கிறார்கள். குஞ்சு வந்ததா, வழியிலேயே செத்ததா, வந்தபோது முகத்துவாரம் அடைத்திருந்ததா, தண்ணீர் சுட்டதா என்று சொல்ல வேண்டிய ஏடு எழுதப்படவே இல்லை. புதிய கடலோர அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் நீர், எடுக்கும் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று 1998-இலேயே விதி வந்துவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும் தண்ணீரில், அந்தச் சூடு எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் பரவுகிறது என்பதை மாதம் ஒரு வெப்பமானியால் எப்படிப் பிடிப்பார்?

எடுத்த தண்ணீருக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலங்கியல் ஆய்வகத்தில் அந்த வேலையைச் செய்தவன் நான். சல்லடை வலையால் அரித்து, ஃபார்மலின் ஊற்றி, பாட்டிலில் அடைத்து, கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் ஒரு மில்லிலிட்டரை வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். டயட்டம்களுக்குக் கண்ணாடிபோல் சிலிக்கா ஓடு இருப்பதால் அவை தாங்கும். ஓடில்லாத மென்மையான கசையுயிரிகள் பல ஃபார்மலின் பட்டதும் சிதைந்துவிடும், எண்ணுகிறவர் கண்ணில் அவை படாது. வலைக் கண்ணைவிடச் சிறியவை ஏற்கனவே நழுவிப் போயிருக்கும். எண்ணி முடித்துப் பட்டியல் தயாராகும்போது அந்தத் தண்ணீர் எப்போதோ ஆந்திரக் கரைக்குப் போயிருக்கும். உழைப்பு அபாரமானது, அதைச் செய்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. இனத்தைத் துல்லியமாகச் சொல்ல அந்தக் கண்ணும் அந்தத் தட்டும் எப்போதும் தேவை. எச்சரிக்கை கொடுக்க அது உதவாது.

எச்சரிக்கை என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் போர்ட் அரன்சாஸ் என்ற ஊரில் கடல்நீரை உறிஞ்சி, அதில் வரும் ஒவ்வொரு நுண்ணுயிரியையும் படமெடுக்கும் ஒரு கருவியை விஞ்ஞானிகள் வைத்திருந்தார்கள். வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் ராப் ஓல்சனும் ஹைடி சோசிக்கும் உருவாக்கிய கருவி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து மில்லிலிட்டர் நீர் அதனுள் போகும். 2008 பிப்ரவரியில் அதன் படங்களில் டைனோபைசிஸ் என்ற நச்சு நுண்ணுயிரி திடீரென்று கூடியது. கருவியை இயக்கிய லிசா கேம்ப்பெல் குழுவினர் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். அறுவடை நிறுத்தப்பட்டது, சந்தைக்குப் போன சிப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. பக்கத்து ஊரில் சிப்பித் திருவிழா நடக்கவிருந்த சமயம் அது. ஒருவருக்கும் உடம்புக்கு வரவில்லை. அந்த நச்சால் அமெரிக்காவில் சிப்பி அறுவடை நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. யாரும் அதை எதிர்பார்த்துத் தேடவில்லை. கருவி நிற்காமல் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் கிடைத்தது.

நம் கதை வேறு. 1981 ஏப்ரலில் தமிழ்நாட்டில் நச்சேறிய மட்டியைத் தின்று மூன்று பேர் இறந்தார்கள், எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள். இங்கே கண்காணிப்புக் கருவியாகப் பயன்பட்டது மனித உடல். வெளிநாட்டு மோகம் என்று எழுதும் கட்டுரையாளர் இந்த மரணங்களை ஏன் குறிப்பிடவில்லை? பன்னிரண்டு அளவுகள் ஏராளம் என்று சொல்பவர், அடுத்த முறை எத்தனை பேர் செத்தால் பதின்மூன்றாவது அளவுக்குச் சம்மதிப்பார்?

2019 ஆகஸ்டில் திருவான்மியூர்க் கடற்கரையில் அலைகள் இரவில் நீலமாக ஒளிர்ந்ததை அவர் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார். வந்தது, போனது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்ற மிதவை உயிரி. டயட்டம்களையும் மீன் முட்டைகளையும்கூட விழுங்கக்கூடியது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதன் பச்சை வகை பெருகி, பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்குள்ள மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அரபிக்கடலில் குளிர்காலத்தில் டயட்டம்கள் இருந்த இடத்தைப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டதைப் பற்றி 2014-இல் விரிவான ஆய்வு வந்துவிட்டது. டயட்டத்தைத் தின்றுதான் மத்தி போன்ற மீன்கள் வளர்கின்றன. நாக்டிலூக்காவைத் தின்று பெருகுவது சால்ப்புகளும் சொறி மீன்களும். கடலின் உணவுச் சங்கிலி இப்படித் தடம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. சென்னையில் அந்த இரவின் ஆவணமாக ஊருக்குக் கிடைத்தவை செல்போன் வீடியோக்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

இப்போது 2023 டிசம்பருக்கு வருகிறேன். அந்த ஒரு மாதமே கட்டுரையின் மீதி வாதங்களுக்குப் போதுமான பதில். மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்தது. படகும் வலையும் கறுத்தன, கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியது, அலையாத்தி மரங்களின் தண்டில் கறை ஏறியது. அது அடங்குவதற்குள் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்கள். குழாய்ப் பகுதிக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது, வரம்பு 5 மில்லிகிராம். அளந்தது கசிவுக்குப் பிறகு, மக்கள் தெருவுக்கு வந்த பிறகு.

ஆலைகளில்தான் ஆன்லைன் மீட்டர் இருக்கிறதே என்கிறார். 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது உண்மை. அந்த மீட்டர் அனுமதி பெற்ற கழிவுக் குழாயில் இருக்கிறது. வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் கடலடிக் குழாயில் கசிந்த அம்மோனியாவும் அந்த வழியில் வரவில்லை. கழிவை வெளியிடுகிறவர் தம் குழாயில் தாமே பொருத்தி இயக்கும் மீட்டரைக் காட்டி, கழிவை வாங்கும் நீர்நிலையில் பொதுவான கருவி வேண்டாம் என்பது என்ன நியாயம்? குழாயில் இடைவிடாத அளவு அவசியம் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது கழிமுகத்துக்கு மட்டும் மாதம் ஒன்று போதும் என்று எந்த அறிவியல் சொன்னது?

செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஓஷன்சாட் வரிசைக் கோள்களின் நிறமானி காணும் ஒரு புள்ளி ஏறத்தாழ 360 மீட்டர் அகலமுள்ளது. அந்த ஒரு புள்ளிக்குள் எண்ணூர் முகத்துவாரத்தின் தண்ணீரும் மணலும் சேர்ந்தே விழும். மிக்ஜாம் நாட்களில் மேலே இருந்தது மேகம். கலங்கல் தண்ணீரில் சேற்றையும் பச்சையத்தையும் பிரிப்பது கஷ்டம், பிரித்தாலும் எந்த இனம் என்று சொல்லாது. ஆழ்கடலில் மீன் கூடும் இடம் சொல்ல இன்கோயிஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் அதைப் பயன்படுத்துகிறது, அதற்கு அது அருமையான கருவி. அதே இன்கோயிஸ்தான் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கரையோர நீரின் தரத்தை இடைவிடாமல் அளக்கும் மிதவைகளையும் கடலில் இறக்கியிருக்கிறது. செயற்கைக்கோளை இயக்கத் தெரிந்தவர்களே அது மட்டும் போதாது என்று தீர்மானித்துவிட்டார்கள்.

மீனவர்களுக்குத் தெரியும் என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆம், தெரியும். 2017 ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்று துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது. எண்ணெய் கரையில் ஒதுங்கியதும், வாளியால் மக்கள் அள்ளியதும், நூற்றுக்கணக்கான டன் கசடு அகற்றப்பட்டதும் அதற்குப் பிறகு. 2023 எண்ணெயை முதலில் பார்த்தவர்களும் மீனவர்கள்தான். அவர்கள் அறிவின் மேல் இவ்வளவு மதிப்புள்ளவர், ஒரு மீனவர் கருத்துக்கேட்பு மேடையில் ஏறித் தண்ணீர் கெட்டுவிட்டது, குஞ்சு வரவில்லை என்றால் அதைத் தரவாக எழுதிக்கொள்கிறாரா? அங்கே அறிவியல் ஆதாரம் கேட்கிறார்கள். ஆதாரம் திரட்டக் கருவி கேட்டால் உங்களுக்கே தெரியுமே என்கிறார்கள். இரண்டு வாசலையும் ஒரே ஆள் அடைக்கிறார். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் படித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து அந்தக் கருவிகளை அவர்களே பராமரிக்கட்டும், எண்கள் மீன் ஏலக்கூடத்துப் பலகையிலும் தெரியட்டும். எந்த நாள் தண்ணீர் எப்படியிருந்தது என்று அவர்கள் சொல்வதும் கருவி சொல்வதும் அருகருகே பதிவாகட்டும்.

எண்ணெய் வெள்ளத்துக்கு இழப்பீடாக மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கழிமுகத்தின் மிதவை உயிரிகள் எத்தனை நாளில் மீண்டன, அந்தப் பருவத்து இறால் குஞ்சில் எவ்வளவு போனது, மட்டியும் ஆழியும் எப்போது தின்னத் தகுந்தவையாயின என்ற எண்கள் இருந்திருந்தால் தொகை எதன்மேல் கணக்கிடப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். முன்பிருந்த நிலைக்கு ஏடு இல்லாத இடத்தில் இழப்புக்கும் ஏடு கிடையாது. மாதம் ஒருமுறை போதும் என்ற வாதத்தால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது.

மணிக்கு மணி அளந்தால் எண்கள் ஏறி இறங்கிக் குழப்பும் என்பது அவருடைய கட்டுரையில் அறிவியல்போல் தோன்றும் ஒரே பகுதி. கரையோரக் கடலில் இயற்கையான ஏற்ற இறக்கம் மிக அதிகம், இதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலிருந்து வரவேண்டிய முடிவு நேர் எதிரானது. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள ஒன்றைத்தான் அடிக்கடி அளக்க வேண்டும். ஓதத்தால் வரும் மாற்றம் 12 மணி 25 நிமிடத்தில் திரும்பும், வெயிலால் வருவது 24 மணி நேரத்தில், நிலவால் வருவது இரண்டு வாரத்தில், பருவத்தால் வருவது ஓராண்டில். நெருக்கமான எண்கள் இருந்தால் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் நிற்கும் மாற்றத்தை மனிதக் கையின் வேலை என்று காட்டலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு எண்களில் எதையும் கழிக்க முடியாது, அதனால் எந்த ஆலையும் எந்த நாளும் இது இயற்கையான மாற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர் குழப்பம் என்று அஞ்சுவது எண்களின் பெருக்கத்தை அல்ல, அவை கொடுக்கப்போகும் தெளிவைத்தான் என்று நான் குற்றம் சாட்டுகிறேன்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் இருந்தது போன்ற கருவிக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். எல்லா இடத்திலும் அது வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு வடிவமைத்து யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்ட பிளாங்டோஸ்கோப் என்ற படமெடுக்கும் கருவிக்கு உதிரிகளின் விலை அப்போது ஆயிரம் டாலருக்குள். வெப்பம், உப்பு, ஆக்சிஜன், பச்சையம் அளக்கும் உணரிகள் புதியவை அல்ல. இங்கே பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் கடலோர ஆய்வு மையமும் இருக்கின்றன, ஆட்களும் அறிவும் எண்ணூரிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள். உணரிகளில் பாசியும் கொட்டலசும் படியும், துடைக்க வேண்டும், கருவி கெடும், புயலில் அறுந்து போகும். இவை மெய்யான சிரமங்கள், இதற்கு ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். காட்டுப்பள்ளியில் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்க ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போடத் திட்டமிட்ட இடத்தில், கழிமுகத்தைப் பார்க்க ஒரு கோடி அதிகம் என்று சொல்வதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

அதே காட்டுப்பள்ளியில் மீஞ்சூர் கடல்நீர்க் குடிநீர் ஆலை 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கும் திறனோடு நிற்கிறது. 2008-09இல் வளைகுடா நாடுகளின் கரையில் காக்லோடினியம் என்ற மிதவை உயிரி மாதக்கணக்கில் பெருகியபோது அங்கே குடிநீர் ஆலைகளை மூட வேண்டி வந்தது. அப்படி ஒன்று நம் கரைக்கு வந்தால் சவ்வுகள் அடைத்த பிறகுதான் தெரிய வேண்டுமா? கடலைப் பற்றி மேற்குத் திருவள்ளூர்க்காரனுக்கு என்ன என்று கேட்டவர், சென்னையின் குடிநீரைப் பற்றியாவது யோசித்திருக்கலாம்.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் தள்ளிப்போனது. மறுபடி அறிவிக்கப்பட்டால் மேசையில் வைக்கப்படும் கடல் உயிரின அத்தியாயம் எப்படித் தயாராக வேண்டும் என்பதை இப்போதே கேட்கிறோம். எண்ணூர் முகத்துவாரம், காட்டுப்பள்ளிக் கரை, பழவேற்காட்டு முகத்துவாரம் மூன்றிலும் வடகிழக்குப் பருவமழை உட்பட ஓராண்டு முழுக்க, மணிக்கொரு அளவாவது, இரவும் பகலும், ஏறும் ஓதமும் வற்றும் ஓதமும். மிதவை உயிரிகளின் படங்களும் எண்களும் எடுத்த அன்றே எல்லோரும் பார்க்கும்படி. கருவியை நிறுவுவதும் இயக்குவதும் திட்டக்காரரின் ஆலோசகர் கையில் இருக்கக் கூடாது. இதில் எது அறிவியலுக்கு விரோதம், எது செய்ய இயலாதது என்று கட்டுரையாளர் எழுதட்டும். எழுதும்போது, தாம் தயாரித்த அறிக்கைகளில் ஒவ்வொரு பாட்டிலும் எந்தத் தேதியில், எந்த மணிக்கு, ஓதத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்பப்பட்டது என்பதையும் சேர்த்தே வெளியிடட்டும்.